‘அம்மாவை யார் வைத்துப் பார்ப்பது?’ என்று கேட்பதற்கு முன்

2022 தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. மதுரையில் ஆபரேஷன் முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்த மறுநாள், பெங்களூரிலிருந்து இரவோடு இரவாக வந்திருந்த அண்ணன் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்: “சரி, இனி அம்மாவை யார் வச்சுப் பாக்குறது?”

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தூக்கமில்லாமல் வந்த மனுஷன், மனதில் பட்டதைக் கேட்டார். ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் அம்மா விழித்திருந்தார். அன்று பொழுது சாயும்வரை எங்கள் யாரோடும் பேசவில்லை. காபி கொண்டுபோனேன், வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு எங்கள் குடும்பம் ஏழெட்டு மாதம் தடுமாறியது. அதில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். எனக்கு 53 வயது, மதுரையில் பள்ளி ஆசிரியை. அப்பாவும் அம்மாவும் அருப்புக்கோட்டையில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். அப்பா அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், 81 வயது. அம்மாவுக்கு 76. அண்ணனும் மதினியும் பெங்களூரில், தங்கை திருப்பூரில். உங்கள் பெற்றோர் எழுபதை ஒட்டி, நல்ல நடமாட்டத்தோடு இருக்கிறார்கள் என்றால் பேச வேண்டிய நேரம் இதுதான். விழுந்த பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசினால் ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் ஏறாது.

முதலில் அவர்கள் பார்த்த கதையைக் கேளுங்கள்

எங்கே இருக்கப் போகிறீர்கள், யாரோடு இருக்கப் போகிறீர்கள் என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். அவர்கள் சின்ன வயதில் வீட்டுப் பெரியவர்களை யார் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். எதிர்பார்ப்பும் பயமும் அங்கேதான் வேர்விட்டிருக்கும்.

அம்மா வீடு திரும்பியதும் நாங்கள் மூவரும் ஒரு யோசனை சொன்னோம். மூன்று பிள்ளைகள் வீட்டிலும் ஆளுக்கு மூன்று மாதம், மீதி மூன்று மாதம் சொந்த வீட்டில். எங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அப்பா, “நான் எவர் வீட்டுக்கும் முறைக்கு வர மாட்டேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பிடிவாதம் என்று நினைத்தோம். அண்ணனுக்குக் கோபம்கூட வந்தது.

அடுத்த வைகாசியில் ஒரு நாள் நானும் அப்பாவும் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவுக்கு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். “முறைன்னு சொன்னா உங்களுக்கு ஏன்ப்பா அவ்வளவு கோபம்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் உருவிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்.

அவருடைய அப்பத்தாவுக்கு மூன்று மகன்கள். மாதம் ஒரு மகன் வீடு. தமிழ் மாதம் பிறக்கும் அன்று அப்பத்தா தன் தகரப்பெட்டியோடு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை அப்பாவுக்கு, பத்து வயது. ஆனி மாதம் கடைசிச் சித்தப்பா வீட்டு முறை. அந்த வருஷம் ஆனிக்கு 32 நாள். முப்பத்தொன்று முடிந்ததும் அந்த வீட்டில் ‘எங்கள் முறை முடிந்தது’ என்று பெட்டியை வெளியே வைத்துவிட்டார்கள். இவர்கள் வீட்டிலோ, ‘இன்னும் ஆடி பிறக்கவில்லை’ என்றார்கள். அப்பத்தா அன்று இரவு இவர்கள் வீட்டுத் திண்ணையில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். “நான் உள்ள படுத்துக்கிட்டே பார்த்துக்கிட்டிருந்தேன் தாயி. எந்திரிச்சுப் போய்க் கூப்பிடல” என்றார் அப்பா.

எழுபது வருஷம் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கே அன்றுதான் தெரியும். எங்கள் நியாயமான யோசனை அவர் காதில் தகரப்பெட்டியாக விழுந்திருக்கிறது. அந்தக் கதை தெரிந்த பிறகு நாங்கள் ‘முறை’ என்ற சொல்லையே விட்டுவிட்டோம். பெற்றோர் இடம் மாறுவதில்லை, பிள்ளைகள்தான் அங்கே போய்வருவது என்று முடிவானது. அப்பா அதற்கு மறுபேச்சுப் பேசவில்லை.

கேட்கும் விதம் முக்கியம். எதிரில் உட்கார்ந்து பேட்டி எடுப்பதுபோலக் கேட்டால் எந்தத் தகப்பனும் வாய் திறக்க மாட்டார். கை வேலையில் இருக்க வேண்டும்: கீரை உருவுவது, பரணை ஒழிப்பது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போவது. முகம் பார்க்கத் தேவையில்லாத நேரத்தில் பெரியவர்கள் பேசுவார்கள். ஒரு கேள்வி போதும். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்திவிடுங்கள்.

அம்மா பக்கம் வேறு கணக்கு இருந்தது. அப்பாவின் அம்மாவை, அதாவது தன் மாமியாரை, ஒன்பது வருஷம் பார்த்தவர் அம்மா. கடைசி மூன்று வருஷம் படுத்த படுக்கை. ‘நான் செஞ்சேன், எனக்கு என் மருமக செய்வா’ என்பது அவர் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் முழுதாக நம்பியிருந்த விஷயம். மதினி காலை எட்டு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இரவு எட்டுக்கு வருகிறவர். அம்மா எதிர்பார்த்தது அவரால் முடியாது. முடியாததை முடியாது என்று யாரும் சொல்லவில்லை, அதுதான் தவறு. ஃபோனில் ‘பாத்துக்கலாம் அத்தை’ என்று மதினி சொல்லச் சொல்ல, அம்மாவுக்கு மனத்தாங்கல் கூடிக்கொண்டே போனது.

“ஆச்சிய பாக்குறப்ப எதும்மா ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?” என்று நான் கேட்டேன். மலம் அள்ளியதைச் சொல்வார் என்று நினைத்தேன். “ராத்திரிதான்” என்றார். “ஒன்பது வருஷத்துல ஒருத்தராவது ‘இன்னிக்கு நான் முழிச்சிருக்கேன், நீ போய்த் தூங்கு’ன்னு சொல்லல.” அப்பா பக்கத்து அறையில் இருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும்.

இளையவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவைப் போன்றவர்கள் கேட்பது பேராசை இல்லை. தங்கள் முதுகு ஒடிந்த உழைப்பை ஒரு கடனாக இந்தக் குடும்பத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதைத் திருப்பித் தரும் விதம் மாறலாம். ‘அந்தக் காலம் வேற, இந்தக் காலம் வேற’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால் அவர்களுக்கு அந்த ஒன்பது வருஷமே இல்லாமல் போய்விடும்.

மருமகளிடம் நேராகப் பேசுங்கள்

எங்கள் வீட்டில் மதினியைப் பற்றிய எல்லாப் பேச்சும் அண்ணன் வழியாகவே நடந்தது. நாங்கள் சொன்னது ஒன்று, அங்கே போய்ச் சேர்ந்தது ஒன்று. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பராமரிக்கும் கடமை மகன், மகள், பேரன், பேத்தி என்று சொல்கிறது. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஊரும் உறவும் முதலில் கைகாட்டுவதோ மருமகளைத்தான். இதை நான் யோசித்துப் பார்த்த அன்றே மதினியைக் கூப்பிட்டேன். “உங்களால எது முடியும், எது முடியாது, எனக்கு நேரா சொல்லுங்க மதினி. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்” என்றேன்.

இரவில் எழுந்து பார்ப்பது முடியாது, உடம்பைத் துடைத்துவிடுவது தனக்குப் பழக்கமில்லை என்றார். ஆஸ்பத்திரி பில், இன்சூரன்ஸ், டாக்டரிடம் வீடியோவில் பேசுவது, மாத்திரை ஆர்டர் போடுவது எல்லாம் தன் பொறுப்பு என்றார். சொன்னபடி ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. வருஷத்தில் பத்து நாள் லீவு போட்டு அருப்புக்கோட்டைக்கு வந்து இருப்பதாகவும் சொன்னார். முதல் தடவை வந்தபோது அம்மாவுக்கு இரவில் பக்கத்தில் படுத்தும் பார்த்தார். அது யாரும் கேட்டுச் செய்தது இல்லை.

மகள் வீடு என்ற சிக்கல்

எங்கள் பக்கத்தில் மகள் வீட்டில் கை நனைக்கக்கூடாது என்பது பழைய எண்ணம். பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் சட்டம் வந்துவிட்டது. அப்பாவே அதை எனக்குப் படித்துக் காட்டியவர். ஆனாலும் அம்மாவின் பிசியோதெரபிக்காக என் வீட்டில் ஒரு மாதம் இருந்தபோது, தினமும் ஃபிரிட்ஜ் மேல் இருநூறு ரூபாயை வைத்துவிட்டுப் போவார். நான் சண்டை போட்டேன், அழுதேன், பணத்தை அவர் பையிலேயே திருப்பி வைத்தேன். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர்தான் வழி கண்டுபிடித்தார். “மாமா, பால் கணக்கும் பேப்பர் கணக்கும் இனி நீங்க பாத்துக்கங்க” என்று சிட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அப்பா மூன்று வேளையும் நிம்மதியாகச் சாப்பிட்டார். பெற்றோர் பணம் கொடுத்தால் மறுக்காதீர்கள். அவர்கள் பெயரில் ஒரு செலவை விட்டுக்கொடுங்கள்.

நோட்டு ஒன்று போடுங்கள்

‘யார் பார்ப்பது’ என்று மொத்தமாகக் கேட்டால் ஒருவர் தலையில் விழும், பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் மகளின் தலையில். ‘என்னென்ன வேலை’ என்று கேளுங்கள். நாங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். மருந்து வாங்குவது, டாக்டரிடம் கூட்டிப்போவது, கரண்ட் பில், வீட்டுவரி, கேஸ் பதிவு, பேங்க், வீட்டு ரிப்பேர், சமையலுக்கு வரும் அக்காவின் சம்பளம், தினமும் சாயங்காலம் ஒரு ஃபோன், இரவுத் துணை, அவசரத்துக்கு ஓடுவது. இருபத்திரண்டு வேலை வந்தது. அதில் ஒன்பதை அருப்புக்கோட்டையில் இல்லாமலே செய்யலாம் என்று எழுதிய பிறகுதான் தெரிந்தது. அண்ணனுக்கு அதில் ஆறு போயிற்று. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். ‘எல்லாரும்’ என்று எழுதிய வேலையை யாரும் செய்ய மாட்டார்கள்.

பெற்றோரின் பெயரும் அந்த நோட்டில் இருக்கட்டும். அப்பா தன் பெயருக்கு நேரே பேங்க், பூச்செடிக்குத் தண்ணீர், அம்மாவின் மாத்திரைப் பெட்டியை வாரம் ஒருமுறை நிரப்புவது என்று மூன்றை எடுத்துக்கொண்டார்.

பணத்தைப் பேசக் கூச்சப்படாதீர்கள். பெற்றோரின் பணத்தை முதலில் பெற்றோருக்கே செலவழிப்பது என்று நாங்கள் வெளிப்படையாகப் பேசினோம். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு 80 வயது முடிந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். “இது சமைக்க வர்ற புள்ளைக்கு” என்று அப்பாவே அதை ஒதுக்கிவிட்டார். குறைகிறதை மூவரும் போடுகிறோம், சமமாக இல்லை. அண்ணன் 12,000, நான் 5,000, பனியன் கம்பெனி வாரச் சம்பளத்தில் ஓடும் தங்கை 1,000. தங்கை அதற்குப் பதில் மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறு வந்து இரவுத் துணை இருக்கிறாள். பணம் குறைவாகப் போடுகிறவள் வாய் திறக்கக் கூடாது என்ற நிலைமை வீட்டில் வரவே கூடாது. அதனால் நோட்டில் பணத்தையும் நாட்களையும் ஒரே பக்கத்தில் எழுதுகிறோம்.

ஓய்வூதியக் காகிதங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஓய்வூதிய ஆணையில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா, பேங்க் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவுக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் அலைச்சல் இல்லாமல் வர அதுதான் வழி. ஆயுள் சான்று நவம்பரில் கொடுக்க வேண்டும். 80 தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய் கட்டணத்தில் பதிந்து கொடுக்கிறார். போன தடவை அப்பாவின் கைரேகை மெஷினில் விழவே இல்லை. ஒவ்வொரு விரலாகத் துடைத்துத் துடைத்து வைத்தார். ரேகையெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. கடைசியில் செல்ஃபோனில் முகத்தைப் படம் பிடித்துப் பதிந்தோம். அது போதும், வீட்டிலிருந்தே செய்துவிடலாம்.

மருந்துப் பை

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிப் போட்டு டாக்டர் மேசையில் கொட்டுங்கள். அம்மா வாங்கி வைத்திருந்ததில் ஒரே பிரஷர் மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்தது. இரண்டு டாக்டர்கள் வேறு வேறு சமயம் எழுதிக் கொடுத்தது. எழுந்தால் தலை சுற்றுகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். வயசு அப்படி என்று நாங்கள் விட்டுவிட்டோம். அட்டையில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். இன்னொன்றுதான் மருந்தின் பெயர். மருந்தின் பெயரைப் படியுங்கள்.

படுக்கையிலிருந்து எழுந்ததும் கட்டில் ஓரம் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, பிறகு நிற்கப் பழக்குங்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத விரிப்பு, இரவு விளக்கு, வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள். எல்லாம் சேர்ந்து ஒருநாள் வேலை. அம்மா விழுவதற்கு முன் அதைச் செய்யாமல் விட்டதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. பெரியவர்கள் நேற்று வரை தெளிவாக இருந்து இன்று திடீரென்று உளறினால் மறதி நோய் என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். சர்க்கரை இறங்கியிருக்கலாம், உடம்பில் உப்பு குறைந்திருக்கலாம், சிறுநீரில் தொற்று இருக்கலாம். அன்றே டாக்டரிடம் போக வேண்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். படுத்திருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் உண்டு.

வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்

அம்மா விழுந்த அடுத்த மாதமே அப்பா வீட்டை அண்ணன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடலாம் என்று கிளம்பினார். எழுதிக் கொடுத்தால் மகன் விட்டுவிட மாட்டான் என்ற நினைப்பு. நான்தான் தடுத்தேன், அண்ணனும் வேண்டாம் என்றார். செட்டில்மென்ட் பதிந்ததும் சொத்து கைமாறிவிடும். உயிலை உயிர் இருக்கும்வரை எத்தனை தடவையும் மாற்றலாம். செட்டில்மென்ட்தான் வேண்டும் என்றால், பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அதை மீறினால் 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு அந்தப் பிரிவு கைகொடுப்பது கடினம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஜீவனாம்சம் கேட்டுப் போக வேண்டிய இடம் வருவாய்க் கோட்டாட்சியரின் தீர்ப்பாயம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது. இதையெல்லாம் பிள்ளைகளே பெற்றோரிடம் சொல்ல வேண்டும். எனக்குப் பயமில்லை, உங்களை ஏமாற்ற மாட்டேன் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

முதியோர் இல்லம் என்ற சொல்லையும் மறைக்காதீர்கள். நாங்கள் கேட்டோம். அம்மா வேண்டாம் என்றார். அப்பா, “அவளுக்கு அப்புறம்னா எனக்குச் சம்மதம்” என்றார். நோட்டில் தேதி போட்டு அப்படியே எழுதி வைத்திருக்கிறோம். நாளைக்கு மாற்றிச் சொன்னால் மாற்றி எழுதுவோம்.

பொங்கலுக்கும் ஆடிக்கும் எல்லாரும் ஊரில் கூடுவோம். மறுநாள் மத்தியானம் நோட்டை விரித்து, முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ஆறு மாதத்தில் உடம்பும் மாறும், வேலையும் மாறும். எனக்கு ஒரே மகள், சென்னையில் வேலை பார்க்கிறாள். அவளும் அந்த நேரம் கூட உட்காருகிறாள். போன பொங்கலுக்கு, கடைசிப் பக்கத்தில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று அவளையே எழுதச் சொன்னேன். “இப்பவேவாம்மா?” என்றாள். இப்பவேதான் என்றேன்.

அன்று மாத்திரை, கரண்ட் பில் எல்லாம் படித்து முடித்து பேங்குக்கு வந்தபோது, அப்பா பேனாவைக் கேட்டு வாங்கினார். தன் பெயரை ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதினார். நாற்பது வருஷம் தபாலில் பதிவேடு எழுதிய கை. எழுத்து இன்னும் நேராக இருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாஸ்புக்கை அன்று தரவில்லை. இரண்டு வாரம் கழித்து நான் மதுரைக்கு பஸ் ஏறும்போது சட்டைப் பையிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் உறையைத் துடைத்து, என் கையில் கொடுத்தார்.